துளையில்லாத தகடு

அத்தியாயம் 7

“ஒரே ஒரு எஞ்சின்தானா? அது நின்னு போச்சுன்னா அந்த அண்ணன் என்ன செய்வாரு?”

இரண்டு வருஷத்துக்கு முன்னால், தொழிற்சாலையின் குடும்ப தினத்தன்று, ஷாந்தினி என்கிற சின்னப் பெண் கேட்ட கேள்வி அது. சுவரில் மாட்டியிருந்த போர் விமானத்தின் படத்துக்குக் கீழே, அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றபடி கேட்டாள். அப்பா சிரித்தார். மேலாளர் சிரித்தார். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த பொறியாளர், யாரோ மொழிபெயர்த்துச் சொன்ன பிறகு, எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்துவிட்டு அவள் தலையில் ஒரு தொப்பியைக் கவிழ்த்தார். பதிலை மட்டும் யாரும் சொல்லவில்லை.

இன்று அதே ஷாந்தினி, அதே தொப்பியோடு, அதே தொழிற்சாலையின் வாசலில் அம்மா தாரணியின் மடியில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அப்பா திலீபன் உள்ளே பாதுகாவலர் அறையில் இருந்தான். அந்த அறையின் கதவு வெளியே பூட்டப்பட்டிருந்தது.

தனபாலன் தன் பழைய காரை வேலியோரமாக நிறுத்திவிட்டு இறங்கினார். இன்சூரன்ஸ் கம்பெனியில் புலனாய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது மெர்லிமாவில் டயர் கடைக்கு மேல் மாடியில் சொந்தமாகத் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறார். நிறுவனம் என்றால் அவரும், உதவியாளர் ராகினியும், ஒரு மின்விசிறியும்.

தாரணி எழுந்து வந்தாள்.

“அண்ணே, கீழ ஒரு ஸ்குரூ கிடந்தாக்கூட யாருதுன்னு கேட்டுக் குடுக்கிற ஆளு அவரு. அவரைப் போய் உளவாளிங்கறாங்க.”

“சாயங்காலத்துக்குள்ள பார்த்துடலாம்மா” என்றார் தனபாலன். எதை நம்பிச் சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை.

ராகினி தன் மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினாள். “வாங்க பாஸ். உள்ள ஏசி இருக்கும். நம்ம ஆபீஸ்ல இல்லாததை இங்கயாவது அனுபவிப்போம்.”

அவர்களை வரச்சொல்லியிருந்த மேலாளர் கோகுலராஜின் அறையில் ஏசி நன்றாகவே ஓடியது. அப்படியும் அவருக்கு வியர்த்திருந்தது.

“இந்த விமானத்துக்கு இப்பதான் சார் நல்ல காலம். ரெண்டு எஞ்சின் விமானம் வாங்கிக் கட்டுப்படியாகாத நாடுங்க எல்லாம் இதைத்தான் பார்க்குது. பழைய மாடல் கொஞ்சம் வித்துச்சு. இப்ப புது மாடல். மூக்குல புது ரேடார், தாடையில புது ஏரியல். எதிரியோட ரேடார் நம்ம மேல படுதுன்னா முன்கூட்டியே சொல்ற காது அது. அந்தக் காதை மூடுற தாடை மூடியை நாமதான் செய்யறோம். பாஸாயிட்டா, எந்த நாடு வாங்கினாலும் நம்ம மூடிதான். இந்தச் சுத்துவட்டாரத்துத் தோட்டப் பிள்ளைங்க எத்தனை பேருக்குச் சோறு தெரியுமா?”

“பாஸாகல?”

“விமானக் கம்பெனிக் குழு வந்து முதல் மூடியை மாட்டிச் சோதிச்சாங்க. காது ஒரு பக்கம் செவிடு. எக்ஸ்ரே எடுத்தா, உள்ள என்னமோ இருக்கு.”

“தாடைன்னு சொன்னீங்களே, சொத்தைப் பல்லா இருக்கும்” என்றாள் ராகினி.

கோகுலராஜ் சிரிக்கவில்லை. கணினித் திரையைத் திருப்பினார். சாம்பல் நிறப் படத்தின் நடுவில் தபால்தலை அளவில் ஒரு வெள்ளைச் சதுரம். அதற்குள் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள்.

“தகவல் அனுப்புற சிப்புன்னு சொல்றாங்க. போட்டிக் கம்பெனி ஆளு வெச்சிருக்கணுமாம். மூடியைச் சோதிச்சுக் கையெழுத்துப் போட்டவன் திலீபன். அவனைக் கேட்டா தெரியாதுங்கறான். வந்திருக்கற குழு இன்னிக்குச் சாயங்காலம் கிளம்புது. அதுக்குள்ள உண்மை தெரியலன்னா அவனைப் போலீஸ்ல ஒப்படைக்கச் சொல்லிட்டாங்க. இது சாதாரணத் திருட்டுக் கேஸ் இல்ல சார். உள்ள போனா எப்ப வெளிய வருவான்னு எனக்கே தெரியாது.”

“மூடியை வெட்டிப் பார்த்துடலாமே?”

“ஆதாரமாம். கை வைக்கக் கூடாதுன்னுட்டாங்க.”

தனபாலன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரைக்கு அருகில் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

“மிஸ்டர் கோகுல், கரண்ட் போற சாமான்னா உள்ள வர ஒரு வழி, வெளிய போக ஒரு வழி வேணும் இல்லையா? இதுல ஒரு கோடுகூட வெளிய போகல. எல்லாம் சுத்திச் சுத்தி உள்ளயே வந்து முடியுது.”

“அதை நானும் கவனிக்கல...”

“நாலு மூலையிலயும் என்னமோ இருக்கு பாருங்க.”

“முள்கரண்டி மாதிரி” என்றார் கோகுலராஜ்.

ராகினி எட்டிப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்த கேலி சட்டென்று வடிந்தது. “பாஸ், கொஞ்சம் கீழ வாங்களேன்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி ஓடினாள்.

வெளியே மழை பிடித்திருந்தது. ராகினி அவருடைய காரின் பின்னிருக்கையில் கிடந்த கறுப்புக் குடையை எடுக்கக் கை நீட்டினாள். கைப்பிடியில் மஞ்சள் கயிறு சுற்றிய பழைய குடை.

“அதைத் தொடாத” என்றார் தனபாலன்.

“நனையறோம் பாஸ்!”

“நனைஞ்சா காயும். அது வேற ஒருத்தருது.”

“யாருது?”

“தெரியல. எத்தனையோ வருஷமாத் தேடறேன், கிடைக்கல.”

“துப்பறியும் நிபுணருக்கு ஒரு குடைக்காரரைப் பிடிக்க முடியல. இதையும் போர்டுல எழுதிப் போட்டுடலாமா?”

பேசிக்கொண்டே அவள் தன் மோட்டாரின் இருக்கையைத் தூக்கினாள். அடியில், மஞ்சள் கயிற்றில் கட்டி, தபால்தலை அளவில் ஒரு செப்புத் தகடு தொங்கியது. குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். நாலு மூலையிலும் நாலு சூலம்.

“மோட்டார் வாங்கினப்ப எங்கம்மா கட்டி விட்டது. வண்டி வாங்கினா நம்ம ஆளுங்க எல்லாரும் கட்டறதுதானே. கோகுலராஜ் ஓட்டற காடியிலகூட இருக்கும், அவரு பொண்டாட்டியைக் கேட்டாத் தெரியும். நல்லவேளை என் மோட்டார்ல ரேடார் இல்ல. இருந்தா என்னையும் உள்ள போட்டிருப்பாங்க லா.”

தனபாலன் தகட்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். வெளிநாட்டுக்காரர் ஒருவர் சிப் என்று சொல்லிவிட்டார்; அதற்குப் பிறகு, தினமும் இதைப் பார்த்துக் கும்பிடுகிறவர்களின் கண்ணுக்குக்கூட அது சிப்பாகவே தெரிந்திருக்கிறது.

“ஒரு வித்தியாசம் இருக்கு” என்றார். “உன் தகட்டுல கயிறு கோக்க ஒரு துளை இருக்கு. எக்ஸ்ரேயில இருக்கறதுல துளையே இல்ல. இது யாரு எழுதினது?”

“செர்காம் போற வழியில, தோட்டத்து முனியாண்டி கோயில் பூசாரி. காளிமுத்து.”

எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவே போகிற செம்மண் பாதையின் முடிவில் இருந்தது கோயில். மழை விட்டிருந்தது. கோயில் முன் புது லாரி ஒன்று மாலையோடு நின்றது. நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம். பூசாரி காளிமுத்து கற்பூரத் தட்டோடு லாரிக்காரரைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“பேரு? நட்சத்திரம்? வண்டி நம்பரு?”

“ரோடு டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் வேலையையும் சாமி தலையில கட்டிட்டாங்க” என்று முணுமுணுத்தாள் ராகினி.

பழங்கள் நசுங்கி, லாரி கிளம்பிய பிறகு தனபாலன் விஷயத்துக்கு வந்தார். துளையில்லாத தகடு என்றதுமே பூசாரி தலையாட்டினார்.

“ஒரே ஒரு ஆளுக்குத்தான் அப்படிக் குடுக்கறது. ‘கட்டற வேலை இல்ல சாமி, துணிக்கு நடுவுல வெச்சு ஒட்டற வேலை, மொட்டையா இருந்தாப் போதும்’னு வாங்கிட்டுப் போகும்.”

“வண்டி நம்பர் கேட்டிருப்பீங்களே?”

“கேட்காம எப்படி? நம்பரு தெரியாதாம். ஓட்டற பிள்ளையோட பேரும் தெரியாதாம், நட்சத்திரமும் தெரியாதாம். ‘மேல போற வண்டி சாமி, ஓட்டறது யாரு பெத்த பிள்ளையோ, சாமி பேருக்கே பண்ணிடுங்க’ன்னு சொல்லும். பண்ணிக் குடுப்பேன்.”

“யாரு அது?”

“மீனம்மா. அந்தக் கம்பெனியிலதான் கண்ணாடி இழைத் துணி வெட்டுது.” காளிமுத்து தட்டைக் கீழே வைத்தார். “அதுக்கு இந்தப் பழக்கம் புதுசு இல்ல. பல வருஷம் முன்னாடி செர்காம் சந்திப்புல ஒரு பையன் மோட்டார்ல வந்து விழுந்துட்டான். நல்ல உச்சி வெயில். காடி எல்லாம் ஒதுங்கி ஒதுங்கிப் போவுது. இது நடுரோட்டுல உட்கார்ந்து அவன் தலையை மடியில வெச்சுக்கிட்டுக் குடை பிடிச்சுச்சாம், ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும். ஏத்தி விட்டுட்டு வேலைக்கு ஓடிடுச்சு. குடையும் ஆம்புலன்ஸோட போயிடுச்சு. பேரு தெரியாது, ஊரு தெரியாது. இன்னிக்கு வரைக்கும் வெள்ளிக்கிழமையானா அந்தப் பையனுக்கு ஒரு அர்ச்சனை, சாமி பேர்ல.”

தனபாலன் காரின் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“நானே ஒரு நாள் சொன்னேன். அர்ச்சனைங்கறது உயிரோட இருக்கறவங்களுக்கும்மா, அவன் இருக்கானோ இல்லையோன்னு. அதுக்கு அது, ‘நான் நிறுத்திட்டா அவன் இல்லைன்னு ஆயிடும் சாமி’ன்னுச்சு.”

ராகினி காரில் ஏறும்வரை பேசிக்கொண்டே வந்தாள். ஏறிய பிறகுதான் பக்கத்தில் இருப்பவர் வண்டியைக் கிளப்பவில்லை என்று கவனித்தாள்.

“என்ன பாஸ், கேஸ் முடிஞ்சு போச்சுல்ல? ஏன் சாவியைக் கையில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க?”

தனபாலன் காரின் கண்ணாடியில், பின்னிருக்கையில் கிடந்த குடையைப் பார்த்தார். அவருடைய மகன் பிரவின் இன்று சுங்கை ஊடாங்கில் வேலைக்குப் போய் வருகிறான். ஒரு காலைக் கொஞ்சம் தாங்கி நடப்பான், அவ்வளவுதான். தலைக்கு அடியில் ஒரு மடி இல்லாமல் அந்தத் தார் ரோட்டில் கிடந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டான் என்று டாக்டர் சொன்னார். அந்த மடி யாருடையது என்று அவர் அந்தச் சந்திப்பில் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கியிருக்கிறார். ஆண்டவன் இன்றைக்குக் காட்டிவிட்டான். எந்தக் கையைத் தேடித்தேடி அலைந்தாரோ, அந்தக் கையை இன்று சாயங்காலத்துக்குள் அவரே காட்டிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால், வாசலில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு அப்பா இல்லை.

“ஒண்ணும் இல்ல” என்று சொல்லிச் சாவியைத் திருகினார்.

தொழிற்சாலைக்குத் திரும்பியதும் முதல் வேலையாகக் கோகுலராஜிடம் போனார். அது சிப் இல்லை, வண்டிக்கு வைக்கிற சாமித் தகடு என்று விளக்கினார். மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“வெச்சவரோட பேரைச் சொல்லாம இதை மட்டும் அவங்ககிட்ட சொல்ல முடியாதா?” என்று கேட்டார் தனபாலன்.

“வாய்ப்பே இல்ல சார். திலீபனைக் காப்பாத்த நாமளே கட்டின கதைன்னுடுவாங்க. ஆள் வந்து, ஆமா நான்தான்னு சொல்லணும்.”

மீனம்மா கேண்டீனுக்குப் பின்னால் குழாயடியில் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்கும் வயது. நெற்றி நிறைய விபூதி.

“அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும்” என்று தனபாலன் தொடங்கினார். “தாடை மூடிக்குள்ள ஒரு தகடு இருக்கு.”

டப்பா அப்படியே நின்றது. பிறகு மீனம்மா மெல்லச் சிரித்தார். பிடிபட்ட குழந்தையின் சிரிப்பு.

“பார்த்துட்டாங்களா? தப்புத்தான் தம்பி. துணி அடுக்கறப்ப நடுவுல ஒண்ணு சொருகிடுவேன். அன்னிக்கு அந்தப் பாப்பா கேட்டுச்சு பாருங்க, எஞ்சின் நின்னா அந்த அண்ணன் என்ன செய்வாருன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு அன்னிக்கு ராத்திரி சோறு இறங்கல. ரெண்டு எஞ்சின் இருந்தா ஒண்ணு போனா ஒண்ணு. இது ஒத்தை. வேற என்ன செய்ய முடியும் என்னால? துணிதான் வெட்டத் தெரியும்.”

“எந்த மூடியில வெச்சீங்க அக்கா?”

மீனம்மா அவரை ஏறிட்டுப் பார்த்தார். கேள்வியே புரியவில்லை என்பது போல.

“எல்லாத்துலயும்தான்.”

ராகினியின் வாய் திறந்தபடி நின்றுவிட்டது.

“எல்லாத்துலயும்னா... பழைய மாடல்லயும்மா?”

“அன்னியிலேருந்து போனது எல்லாத்துலயும் இருக்கும்மா. ஒருத்தருக்கு வெச்சு ஒருத்தருக்கு வைக்காம விடலாமா? எல்லாம் பெத்த பிள்ளைங்கதானே.”

பழைய மாடலில் மூடிக்குப் பின்னால் ஒன்றும் கிடையாது. வெறும் காலி இடம். எக்ஸ்ரேயும் எடுத்ததில்லை. யாருக்கும் தெரியாமல், யாருக்கும் தொந்தரவில்லாமல், எந்தெந்த நாட்டு வானத்திலோ முனியாண்டி பறந்துகொண்டிருந்திருக்கிறார். விமானத்துக்குப் புதுக் காது முளைத்த பிறகுதான் அவர் அகப்பட்டார்.

ஒரு மூடி என்றால் மன்னிப்புக் கேட்டுப் பார்க்கலாம். எல்லா மூடியும் என்றால் கம்பெனியே நிலைக்காது. அதைச் சொல்லாமலும் விட முடியாது. மேலே பறக்கிறவன் உயிர் அதில் இருக்கிறது.

“அக்கா, புது மாடல்ல அந்தத் தகடு இருந்தா, எதிரி வர்றது அந்தப் பக்கம் தெரியாது. விமானத்துக்கு ஒரு காது கேட்காது.”

மீனம்மாவின் முகத்திலிருந்த சிரிப்பு மெதுவாகப் போயிற்று. டப்பாவைக் கீழே வைத்தார். ஈரக் கையைப் புடவையில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

“நான் வெச்சதால அந்தப் பிள்ளைக்கு ஆபத்தா தம்பி?”

தனபாலன் ஓடிக்கொண்டிருந்த குழாயை மூடினார்.

“திலீபன் தம்பி லீவுன்னுல்ல சொன்னாங்க... அவரை அடைச்சு வெச்சிருக்கறது இதுக்குத்தானா?”

“ஆமா அக்கா.”

செர்காம் சந்திப்பு, குடை, மகன் என்று எல்லாம் தனபாலனின் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டார். இந்த நேரத்தில் சொன்னால், தன்னை நல்வார்த்தை பேசி மாடிக்குக் கூட்டிப் போகிறான் என்றுதான் அந்த அம்மாவுக்குத் தோன்றும்.

“நான் உங்க பேரை யாருகிட்டயும் சொல்லல அக்கா. நீங்க...”

“நீங்க எதுக்குச் சொல்லணும்? எனக்கு வாய் இல்லையா?” என்றார் மீனம்மா. அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டு, மேலாளர் அறைப் படியில் ஏறத் தொடங்கினார்.

மீனம்மா சொல்லச் சொல்ல ராகினி குழுவிடம் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னாள். மூடியை வெட்டினார்கள். செப்புத் தகடு மேஜைமேல் விழுந்தது. வந்திருந்த குழுவில் ஒரு விமானியும் இருந்தார், இளம் வயதுக்காரர். தகட்டைக் கையில் எடுத்து, இது யாருக்காக என்று கேட்டார்.

“ஓட்டறவருக்காம்” என்றாள் ராகினி. முதல்முறையாக அவள் குரலில் கேலி இல்லை.

“அவரு பேரு என்னன்னு கேளும்மா” என்றார் மீனம்மா. “இத்தனை நாளும் பேர் தெரியாமலே வேண்டிக்கிட்டு இருந்தேன்.”

விமானி தன் பெயரைச் சொன்னார். மீனம்மா அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். இரண்டு முறையும் தவறாக வந்தது. விமானி தகட்டைச் சட்டைப் பையில் போட்டுப் பித்தானை மாட்டிக்கொண்டார்.

அதனால் எதுவும் நிற்கவில்லை. குழுத் தலைவர் கோபப்படக்கூட இல்லை. விற்ற விமானங்கள் எல்லாவற்றிலும் மூடியைக் கழற்ற வேண்டும். புது மூடியை வேறு நாட்டில் செய்துகொள்வார்கள். இங்கே அந்தப் பிரிவு மூடப்படும். தணிந்த குரலில், வானிலை சொல்வது போலச் சொன்னார். பாதுகாவலர் அறைக் கதவு திறந்தது. வேலை போன திலீபன், வேலை போன மீனம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். திட்டுவதா அழுவதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

வாசலில் கார் நின்றது. விமானி ஏறப் போனவர், தொப்பி போட்ட குழந்தையைப் பார்த்துவிட்டுக் குனிந்து ஏதோ சொன்னார்.

“என்னக்கா சொல்றாரு?” என்று கேட்டாள் ஷாந்தினி.

ராகினி மண்டியிட்டு உட்கார்ந்தாள். “உன் கேள்விக்குப் பதிலாம். எஞ்சின் நின்னுட்டா குடையைக் கட்டிக்கிட்டுக் குதிச்சிடுவாராம். கீழ விழுந்ததும், யாராவது வந்து பார்க்கிற வரைக்கும் காத்துக்கிட்டு இருப்பாராம்.”

“யாருமே வரலன்னா?”

ராகினி நிமிர்ந்து தனபாலனைப் பார்த்தாள். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார்.

“வருவாங்க லா” என்றாள்.

வெள்ளிக்கிழமை தனபாலன் ராகினிக்கு விடுமுறை கொடுத்தார். காரணம் கேட்டாள். மின்விசிறியைக் கழுவ வேண்டும் என்றார். அவள் நம்பவில்லை, ஆனால் போய்விட்டாள்.

சாயங்காலம் தோட்டத்தை ஒட்டிய வீட்டு வரிசையில் காரைத் தள்ளி நிறுத்தினார். மீனம்மாவின் கேட் பூட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை இந்நேரம் அந்த அம்மா எங்கே இருப்பார் என்று அவருக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

பின்னிருக்கையிலிருந்து கறுப்புக் குடையை எடுத்தார். முந்தின நாள் அதன் உடைந்த கம்பியை மாற்றியிருந்தார். கைப்பிடியில் மஞ்சள் கயிறு அப்படியே இருந்தது. குடையைச் சுற்றிக் கட்டுகிற பட்டையில், நனைந்தாலும் அழியாத மையால் இரண்டே வார்த்தைகள் எழுதியிருந்தார். அர்ச்சனைக்குப் பூசாரி கேட்கிற பேரும் நட்சத்திரமும்.

பிரவின். ரோகிணி.

குடையைக் கேட்டின் உள்பக்கமாக, காற்றில் விழாதபடி மாட்டினார். கை கூப்பினார். தூறல் ஆரம்பித்திருந்தது. அவர் நனைந்துகொண்டே காரை நோக்கி நடந்தார்.